செயற்கைத் தோல் வைத்த புண்: கட்டை எப்போ பிரிக்கணும், எப்போ பிரிக்கக் கூடாது? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை)

காட்பாடி சிஸ்டர்:
ஆறாத சர்க்கரைப் புண், கால் நரம்புப் புண் (காலிலிருந்து ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவதால் வருவது), ஆழமான தீக்காயம் இதற்கெல்லாம் செயற்கைத் தோல் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வைப்பது தியேட்டரில் சீக்கிரம் முடிந்துவிடும். அதைக் காப்பாற்றுவது அடுத்த பல வாரங்களுக்கு வீட்டிலும் தெருமுனை டிரெஸ்ஸிங் ரூமிலும் நடக்கிற வேலை. கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். தினம் ஒரு கட்டு மாற்றிப் பழகிய கை, ஒட்டிக்கொண்டிருக்கும் தோலையும் பஞ்சோடு சேர்த்து உரித்துவிடுகிறது. அதற்காகத்தான் இந்த உரையாடல் இழை. கட்டுப் போடுகிறவர்கள், பிசியோ, செருப்பு செய்து தருகிறவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

முதலில் ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்கின் சப்ஸ்டிட்யூட் வைக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த வகை, எந்தத் தேதி, உள் கட்டு என்ன, அதை யார் எப்போது பிரிக்க வேண்டும், இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். ஏனென்றால் வகைக்கு வகை கணக்கு மாறும்.

கொலாஜன் ஷீட் என்பது வெறும் புரதத் தாள். ஆல்கஹால் கலந்த திரவத்தில் வரும், சலைனில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் புண்மேல் வைப்பார்கள். ஈரம் குறைந்த புண்ணில் அது காய்ந்து ஒட்டும், அடியில் தோல் வளர வளர ஓரத்திலிருந்து தானாகக் கழன்று வரும். அடுத்தது இரண்டு அடுக்கு வகை: கீழே கொலாஜன் சட்டகம், மேலே சிலிக்கோன் படலம். இன்டெக்ரா இந்த வகை. யானஸ், பர்க் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கியது, 1996ல் அங்கே தீக்காயத்துக்கு அனுமதி கிடைத்தது. மூன்றாவது, உயிருள்ள செல்கள் வளர்த்த தோல். அப்ளிகிராஃப் 1998ல் கால் நரம்புப் புண்ணுக்கும் 2000ல் சர்க்கரைக் கால் புண்ணுக்கும் அனுமதி பெற்றது. நம்ம ஊரில் கைக்கு வருவது பெரும்பாலும் முதல் இரண்டும், பிறகு பனிக்குடச் சவ்வும்தான் (நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கும் மெல்லிய சவ்வு). ஆனால் இணையத்தில் படிப்பதெல்லாம் மூன்றாவதைப் பற்றியே இருக்கும். அதைப் படித்துவிட்டு இதற்குச் செய்யாதீர்கள்.

தொரப்பாடி மணி:
சிஸ்டர், நல்ல இழை. டிரெஸ்ஸிங் போடுற எங்க மாதிரி ஆளுங்களுக்கு வர்ற சிக்கலை நேரா கேக்கறேன். ஏழு நாள் தொடாதேன்னு சீட்டுல இருக்கும். மூணாம் நாளே கட்டு நனைஞ்சு மஞ்சளா ஊறி நாத்தம் அடிக்கும். வீட்டு ஆளுங்க "என்னப்பா சீழ் வச்சிடுச்சு, பிரிச்சுச் சுத்தம் பண்ணு"ன்னு நிப்பாங்க. பிரிச்சா தோலு போயிடும், பிரிக்காம விட்டா உள்ள கெட்டிருந்தா பழி நம்ம மேல. எதைப் பாத்து முடிவு பண்றது?

காட்பாடி சிஸ்டர்:
மணி அண்ணே, இதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டில் குறைந்தது மூன்று அடுக்கு இருக்கும். தோலுக்கு நேர் மேலே ஒட்டாத வலைத்துணி: சிலிக்கோன் வலையாக இருக்கலாம், பாரஃபின் தடவிய வலையாக இருக்கலாம். இது தையலாலோ ஸ்டேப்ளராலோ ஒட்டுப் பட்டையாலோ பிடிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் அழுத்தம் கொடுக்க மடித்து வைத்த ஈரக் காஸ் அல்லது ஸ்பாஞ்ச். அதற்கும் மேலே நீர் உறிஞ்சும் பேட், ரோலர் பேண்டேஜ். சீட்டில் "தொடாதே" என்பது கீழே உள்ள வலைக்குத்தான். மேல் பேட் நனைந்து வெளியே கசிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். நனைந்த பேட் வெளியிலிருந்து கிருமி உள்ளே போக வழி. நடு அடுக்குத் தையல் போட்டுக் கட்டியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

மேல் பேட்டை எடுக்கும்போது ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. சாதாரண சலைன், 0.9 சதவீதம், அறைச் சூட்டில், ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாக வரும். ஒரு கையால் வலையின் ஓரத்தை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேட்டைத் தோலோடு ஒட்டினாற்போலப் படுக்கையாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் வலையும் கூட வரும்.

இப்போது வலைக் கண் வழியாகப் பாருங்கள். உயிருள்ள செல் வகையும் கொலாஜனும் புண்ணின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெந்த ஜவ்வரிசி மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளையாக, வழுவழுப்பாக ஆகிவிடும். புண் திரவத்தோடு சேர்ந்து ஒரு புளித்த வாடையும் வரும். இது சீழும் இல்லை, செத்த சதையும் இல்லை. வைத்த பொருளே அப்படித்தான் மாறும். பஞ்சால் துடைத்தால் அத்தனையும் வந்துவிடும், வைத்ததே வீண்.

சீழ் என்றால் சுற்றியிருக்கும் தோல் சொல்லும். புண் ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு பரவுவது, புறங்கையால் தொட்டால் சூடு, வீக்கம், நேற்றைவிட இன்று கூடிய வலி, காய்ச்சல், காரணம் தெரியாமல் திடீரென ஏறிய சர்க்கரை. உணர்வே இல்லாத காலில் புதிதாக வலி வந்தால் அதை மிகப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சலைன் ஊற்றிக் கழுவி புதுப் பேட் வைத்த பிறகும் வாடை போகவில்லை என்றாலும் காட்டியாக வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் ஏழு நாள் கணக்கு ரத்து. பேனாவால் சிவப்பின் எல்லையை வரைந்து, நேரமும் எழுதி, வைத்த இடத்துக்கே அன்றே அனுப்பிவிடுங்கள். உள்வலையை நீங்கள் பிரிக்க வேண்டாம்.

தொரப்பாடி மணி:
புரியுது. அப்போ வாடையும் நிறமும் மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, சுத்தி இருக்கிற தோலையும் ஆளையும் பாக்கணும். பச்சையா ஊறினா?

காட்பாடி சிஸ்டர்:
பேடில் பச்சை அல்லது நீலப்பச்சைக் கறை, கொஞ்சம் தித்திப்பான வாடை என்றால் சூடோமோனாஸ் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அது கொலாஜனை வேகமாகக் கரைத்துவிடும். காத்திருக்காதீர்கள்.

ஆற்காடு பர்ன்ஸ் பிசியோ:
சிலிக்கோன் உள்ள இரண்டு அடுக்கு வகை பற்றி நான் சேர்க்கிறேன், அதன் நாட்கணக்கே வேறு. அதை வைத்ததும் புண் மூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சட்டகத்துக்குள் நம் உடம்பின் ரத்தக் குழாய்களும் செல்களும் ஏறிப் புதிய உள்தோல் உருவாக ஏறக்குறைய 14 முதல் 21 நாள் ஆகும். பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு, தொடையிலிருந்து எடுத்த மிக மெல்லிய தோலை மேலே ஒட்டுவார்கள். அது இரண்டாவது ஆபரேஷன். இதை முன்கூட்டியே சொல்லாததால் பல குடும்பங்கள் "முதல் ஆபரேஷன் தோற்றுப்போச்சு, அதான் மறுபடி" என்று நினைத்துக்கொள்கின்றன. தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

நிறத்தை எப்படிப் படிப்பது: முதல் நாட்களில் அடியில் ரத்தம் தெரிய சிவப்பு. ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பு. பிறகு வெளிறிய பீச் நிறம், மஞ்சள் கலந்த வெள்ளை. இந்த வரிசையில் போனால் சரியான பாதை. இன்டெக்ராவின் சிலிக்கோனில் கறுப்பு நூல் ஓடும். எது மேல்பக்கம் என்று தெரிவதற்காக வைத்தது. அதை "உள்ளே முடி மாட்டிக்கொண்டது" என்று பிடுங்கப் பார்க்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது படலத்துக்கு அடியில் சேரும் திரவம். கருஞ்சிவப்பாக, அழுத்தினால் நகர்ந்தால் ரத்தக் கட்டு. தெளிந்த வைக்கோல் நிறமாக இருந்தால் நிணநீர். கலங்கி மஞ்சளாக, ஓரத்தில் வழிந்தால் சீழ். மூன்றும் ஒரே தவறைச் செய்கின்றன: சட்டகத்தைப் புண்ணின் அடிப்பரப்பிலிருந்து தூக்கிவிடுகின்றன. தொடுப்பு விட்டுப்போன இடத்தில் ரத்தக் குழாய் ஏறாது. முதல் இரண்டையும் ஊசியால் உறிஞ்சிவிட்டு அழுத்தக் கட்டு போட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். சீழ் என்றால் அந்த இடத்துச் சிலிக்கோனை வெட்டித் திறந்து கழுவ வேண்டும், அந்தத் துண்டு மட்டும் போகும். செய்ய வேண்டியவர் வைத்தவர். வீட்டில் ஊசி குத்துவது வேண்டவே வேண்டாம்.

ஓரம் சுருண்டு தூக்கினால் அதை டேப் போட்டு அமுக்கி ஒட்டாதீர்கள். தூக்கிய ஓரத்துக்குள் ஈரம் தேங்கும். அடுத்த பார்வையில் கத்தரித்துவிடுவார்கள்.

மூட்டுக்கு மேல் வைத்திருந்தால், மூட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட்டைக் கழற்றக் கூடாது. முழங்கை, மணிக்கட்டு, கழுத்து எங்கே வைத்தாலும் முதல் வாரம் அசைவு கூடவே கூடாது. அடுத்து எந்த நாளில் எவ்வளவு மடக்கலாம் என்பதை பிசியோ சொல்லட்டும்.

நெகடிவ் பிரஷர் மெஷின் (ஸ்பாஞ்ச் வழியாகப் புண் நீரை உறிஞ்சுவது) போட்டு அனுப்பியிருந்தால், வழக்கமாக 125 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வைத்திருப்பார்கள், சிலர் குறைத்து வைப்பார்கள். மெஷின் நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஸ்பாஞ்சை அப்படியே விட்டுவைக்கக் கூடாது, உறிஞ்சாத ஸ்பாஞ்சுக்குள் கிருமி பெருகும். கரண்ட் போகிற ஊர்களில் பேட்டரி சார்ஜ் நிற்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கண்ணமங்கலம் சீனியர்:
ஒரு கேள்வி. 30 வருடமாக எந்தப் புண்ணானாலும் போவிடோன் அயோடினில் துடைத்துத்தான் பழக்கம். இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசக் காணோம். அழுக்குக் காலில் வெறும் உப்புத் தண்ணீர் போதுமா? கிருமி சாக வேண்டாமா?

காட்பாடி சிஸ்டர்:
ஐயா, அழுக்குப் புண்ணுக்கு ஆரம்பத்தில் அதற்கு இடம் உண்டு. தோல் வைத்த பிறகு கிடையாது. போவிடோன் அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோர்ஹெக்சிடின் இவற்றுக்குக் கிருமி எது, புதிதாக ஊர்ந்து வரும் தோல் செல் எது என்று தெரியாது. இரண்டையும் கொல்லும். உயிருள்ள செல் வகையில் மேலே ஊற்றினால் வைத்த பொருளே செத்தது. சுற்றியிருக்கும் நல்ல தோலைத் துடைக்கலாம், புண் ஓரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

கிருமியைக் குறைப்பது தோல் வைப்பதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஓரத்துக் காய்ப்பைச் சீவி, செத்த சதையை வெட்டி, புண்ணுக்குள் விட்ட கம்பியில் எலும்பு தட்டுகிறதா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ரத்த ஓட்டம் அளந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்து வரும் எண் சர்க்கரைக்காரர்களுக்கு ஏமாற்றும். குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் 1.3க்கு மேல் காட்டும். நல்ல ஓட்டம் என்று நினைத்துவிடக் கூடாது, கால் விரலில் அளக்கச் சொல்லுங்கள். ஓட்டம் இல்லாத காலில் எவ்வளவு விலை உயர்ந்த தாளை வைத்தாலும் கருகும்.

நான்கு வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்து, புண்மேல் உடம்பின் பாரம் விழாமல் நீக்கி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, புண்ணின் பரப்பு பாதியாவது குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சே வர வேண்டும். பாதி குறைந்திருந்தால் செயற்கைத் தோல் தேவையே இல்லாமல் மூடும் வாய்ப்பு அதிகம்.

கரிகிரி ரோடு ஆர்த்தோட்டிஸ்ட்:
கட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டீர்கள், காலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. உள்ளங்காலில் வைத்த தோல் கிழிவது கிருமியால் என்பதைவிட நடையால்தான் அதிகம். இந்த மண்ணில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். பால் பிராண்ட் என்ற டாக்டர் 1946ல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, உணர்வில்லாமல் நடந்து நடந்து காயம் ஆவதுதான் என்று காட்டினார். வேலூர் பக்கத்துக் கரிகிரியில் 1955ல் தொழுநோய் ஆஸ்பத்திரி திறந்து, மாவுக்கட்டு போட்டுப் பாரம் நீக்கினால் புண் ஆறும் என்பதை ஊருக்கே செய்து காண்பித்தார்கள். சர்க்கரைக் காலுக்கும் அதே கணக்குத்தான்.

கால் முழுவதையும் ஒட்டிப் போடும் மாவுக்கட்டு, முழங்காலுக்குக் கீழ் வரை, அதுதான் முதல் தேர்வு. ஏன் கழற்ற முடியாததாக இருக்க வேண்டும்? கழற்றக்கூடிய பூட்ஸைக் கொடுத்து ரகசியமாக அடிகளை எண்ணிய அமெரிக்க ஆய்வு 2003ல் வந்தது. நடந்த அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸ் காலில் இருந்தது. வெளியே போகும்போது போடுகிறார்கள். வீட்டுக்குள் சமையலறைக்கும் கழிவறைக்கும் வெறுங்காலில் போகிறார்கள். அந்தப் பத்தடிதான் தோலைத் தேய்த்து எடுக்கிறது. மாவுக்கட்டு போடத் தெரிந்தவர் இல்லையென்றால், கழற்றும் பூட்ஸின்மேலேயே ஒரு ரோல் பிளாஸ்டர் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிடலாம். பலன் ஏறக்குறைய அதே.

முதல் மாவுக்கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்ற வேண்டும். கால் வீக்கம் வடிந்து உள்ளே கால் ஆடத் தொடங்கும், ஆடினால் கணுக்கால் எலும்பில் புதுப் புண். அடுத்து வாரம் ஒருமுறை. தோல் வைத்த இடத்துக்கு நேராகச் சன்னல் வெட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், சன்னல் வழியாகச் சதை பிதுங்கி ஓரம் அறுக்கும். ரத்த ஓட்டம் மோசமான காலுக்கும் சீழ் உள்ள காலுக்கும் இந்தக் கட்டே கூடாது. வளையம் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள மெத்தை வைப்பதும் தவறு. ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் ரத்தத்தை நெருக்கும்.

குடியாத்தம் ராஜி:
சார், சித்திரை வைகாசியில வெயில் 40 தாண்டும். மாவுக்கட்டுக்குள்ள வேர்த்து ஊறி நாறுதே, அதுக்கு என்ன வழி? இன்னொன்னு, பீடி சுத்துற பொம்பளைங்க நாள் முழுக்கத் தரையில சம்மணம் போட்டு உக்காந்துதான் வேலை. "நடக்காதே"ன்னு சொன்னா நடக்கறதில்ல, ஆனா உக்கார்றதே அமுக்குமே.

கரிகிரி ரோடு ஆர்த்தோட்டிஸ்ட்:
ராஜிம்மா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். சம்மணம் போட்டால் கணுக்காலின் வெளி எலும்பும் பாதத்தின் வெளி ஓரமும் தரையில் அழுந்தும். அங்கே புண் இருந்தால் நடப்பதைவிடக் கெடுதல், ஏனென்றால் மணிக்கணக்கில் ஒரே இடம். முறத்தை மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலை எதிரே முக்காலியில் நீட்டிச் சுற்றட்டும். குதிகால் முக்காலியின் விளிம்பில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.

குத்துக்கால் இட்டு உட்காரும் கழிவறையும் அப்படியே. முன்பாதத்தில் முழு உடம்பும் ஏறும். பிளாஸ்டிக் கமோடு நாற்காலி தோல் வைத்த அன்றைக்கே வீட்டில் இருக்க வேண்டும்.

வேர்வைக்கு: உள்ளே உறிஞ்சும் பஞ்சு போட்டுப் போடுவார்கள், கோடையில் மாற்றும் இடைவெளியை ஐந்து நாளாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மின்விசிறி நேராகப் படும்படி காலை உயர்த்தி வையுங்கள். குளிக்கும்போது தொடைவரை பிளாஸ்டிக் பை போட்டு, மேல் விளிம்பில் துண்டு சுற்றி அதன்மேல் டேப். காலை வாளிக்கு வெளியே நீட்டிவைத்து மற்ற உடம்புக்கு ஊற்றிக்கொள்ளட்டும். உள்ளே குச்சி விட்டுச் சொறிவதும் பவுடர் கொட்டுவதும் கூடாது. மாவுக்கட்டு நனைந்துவிட்டால் காயவைத்துப் பார்க்காமல் அன்றே மாற்றணும்.

வாணியம்பாடி லெக் கிளினிக்:
நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு, டேனரியோ ஓட்டல் அடுப்படியோ, கெண்டைக்காலின் உள்பக்கம் கணுக்காலுக்கு மேல் வரும் நரம்புப் புண் வேறு ரகம். அங்கே பாரம் நீக்குவதற்குப் பதில் அழுத்தக் கட்டு. தோல் வைத்த இடத்தின் மேலேயே பல அடுக்கு பேண்டேஜ், கணுக்காலில் 30 முதல் 40 மி.மீ. பாதரச அழுத்தம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை, குதிகாலையும் மூடி. நடுவில் மட்டும் சுற்றினால் பாதம் வீங்கும். இந்த வகைக் காரர்கள் நடக்கலாம், நடந்தால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். நிற்பதுதான் கூடாது. உட்கார்ந்தால் கால் இடுப்புக்கு மேல், படுத்தால் இதயத்துக்கு மேல்.

கட்டு போட்ட பின் விரல் நீலமானாலோ ஜில்லிட்டாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்கவும். இந்த ஒரு விஷயத்தில் யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். கணுக்கால்–கை விகிதம் 0.5க்குக் கீழ் இருந்தால் அழுத்தக் கட்டே கூடாது, 0.8க்குக் கீழ் என்றால் மருத்துவர் பார்த்துக் குறைத்துப் போட வேண்டும்.

குடியாத்தம் ராஜி:
சாப்பாடு பத்தி யாராச்சும் சொல்லுங்க. தோல் வச்ச நாள்ல இருந்து முட்டை, கோழி, மீன், கத்திரிக்கா எல்லாம் நிறுத்திடறாங்க. "புண்ணுக்கு ஆகாது, சீழ் புடிக்கும்"னு. ரசம் சோறு, இட்லி, ரொட்டி மட்டும்.

காட்பாடி சிஸ்டர்:
இந்தப் பத்தியம் தோலைப் பட்டினி போடுகிறது, அவ்வளவுதான். புதுத்தோல் கட்டுவது புரதத்தால். ஆறிக்கொண்டிருக்கும் புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம். ரசம் சோற்றில் அதில் கால்வாசி கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 முதல் 7, நூறு கிராம் கோழிக்கறியில் சுமார் 20, நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டொன்பது, 30 கிராம் சோயா உருண்டையில் சுமார் 15. அசைவம் வேண்டாம் என்பவர்கள் பருப்பு, சுண்டல், தயிர், சோயா நான்கையும் தினமும் சேர்த்தாக வேண்டும். சிறுநீரகம் கெட்டிருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெல்லிக்காய், கொய்யா தினம் ஒன்று. கத்திரிக்காய்க்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை. யாருக்காவது அரிப்பு வந்தால் அவர் மட்டும் விடட்டும்.

சர்க்கரை 180க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை, பீடி, சுருட்டு முழுதாக நிறுத்தம். ஒவ்வொரு இழுப்பும் நுண்குழாயைச் சுருக்குகிறது, ஒட்டப் பார்க்கும் தோலுக்கு ரத்தம் வருவதே அந்த நுண்குழாயில்தான்.

ஆம்பூர் வாசகர்:
பிஸ்மில்லாஹ். ஒரு விஷயம் வெளிப்படையாகக் கேட்கலாமா? இவை எதிலிருந்து செய்கிறார்கள்? குடும்பத்தில் பெரியவர்கள் கேட்டால் பதில் வேண்டும். எல்லா சமயத்தாருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆற்காடு பர்ன்ஸ் பிசியோ:
கேட்க வேண்டிய கேள்வி, தியேட்டருக்குப் போகும் முன்பே. இன்டெக்ரா மாட்டின் தசைநார்க் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்தது. அப்ளிகிராஃபில் மாட்டுக் கொலாஜனோடு, பிறந்த ஆண் குழந்தைகளின் முன்தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். பன்றியின் சிறுகுடல் அடுக்கிலிருந்து செய்யப்படுபவையும் இருக்கின்றன. மீன் தோலில் செய்தவை இருக்கின்றன. பனிக்குடச் சவ்வு, சிசேரியனில் தாய் சம்மதித்துக் கொடுத்து, கிருமிப் பரிசோதனை முடிந்த நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. ஆக மாடு வேண்டாம் என்பவருக்கும் பன்றி வேண்டாம் என்பவருக்கும் மாற்று உண்டு. பெட்டிமேல் மூலப்பொருள் எழுதியிருக்கும், அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

மாட்டுக் கொலாஜனுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குக் கொலாஜன் அந்நியமில்லை. தோல் என்பதே கொலாஜன்தான். அடையாற்றில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செருப்புத் தோலோடு நிற்காமல் மருத்துவக் கொலாஜனிலும் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. ஆனால் "நம்ம தோல்தானே" என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவத்துக்கு வரும் கொலாஜனில் உடம்பு எதிர்க்கும் பகுதிகளை நீக்கி, கிருமி நீக்கம் செய்துதான் வரும்.

ஆம்பூர் வாசகர்:
நன்றி. இது தெளிவாக இருந்தது. செலவு பெரிது என்பதால் இன்னொன்று: ஒருமுறை வைத்தால் போதுமா?

காட்பாடி சிஸ்டர்:
பல நேரம் போதாது, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்ளிகிராஃபைச் சர்க்கரைக் கால் புண்ணில் சோதித்த பெரிய ஆய்வில் தேவைக்கேற்ப வாரம் ஒருமுறையாக ஐந்து முறை வரை வைத்தார்கள். 12 வாரத்தில் 56 சதவீதம் பேருக்கு முழுதாக மூடியது, வெறும் ஈரக் காஸ் கட்டும் பாரம் நீக்கலும் கொடுத்தவர்களில் 38 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் கட்டும் பாரம் நீக்கலும் மட்டுமே கொடுத்த பக்கத்திலும் நூற்றுக்கு 38 பேருக்கு மூடியிருக்கிறது பாருங்கள். பணம் குறைவாக இருப்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த இரண்டையும் சரியாகச் செய்தாலே கணிசமான புண்கள் மூடும்.

மறுபடி வைப்பதா என்பதை அளவு பார்த்து முடிவு செய்வார்கள். வாரம் ஒருமுறை நீளம், அகலம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், ஒரே வெளிச்சம், ஒரே கோணம். படத்தில் தேதி. மூன்று நான்கு வாரத்தில் பரப்பு நகராவிட்டால் இன்னொரு தாள் வைப்பதற்கு முன் ஏன் நகரவில்லை என்று கேளுங்கள்: எலும்பில் கிருமி, அடைபட்ட குழாய், திருட்டு நடை, ஏறிய சர்க்கரை, இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். காப்பீடு மறு தடவைக்கும் உண்டா என்பதை முதல் தடவைக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

தொரப்பாடி மணி:
மூடின பிறகு? அப்புறம் எங்ககிட்ட வர மாட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு அதே இடத்துல ஓட்டையோட வருவாங்க.

ஆற்காடு பர்ன்ஸ் பிசியோ:
மூடிய தோல் பழைய தோல் இல்லை. வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இருக்காது. காய்ந்து அரிக்கும், வெயிலில் உடனே கறுக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ தடவி, விரல் நுனியால் வட்டமாக, தோல் வெளிறும் அளவு அழுத்தித் தேய்க்கணும். புண் முழுதாக மூடி இரண்டு வாரமாவது ஆன பிறகு, கொப்புளம் இல்லாத இடத்தில் மட்டும். விரலிடுக்கில் எண்ணெய் தேங்க விடாதீர்கள், பூஞ்சை வரும். தீக்காயக்காரர்கள் அழுத்த உடையை நாளைக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில். நம்ம வெயிலுக்கு இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டால்தான் விடாமல் போடுவார்கள். தொடையில் தோல் எடுத்த இடத்துக்கும் இதே எண்ணெய்க் கவனிப்பு.

வெயிலுக்குத் துணி மறைப்பு, ஒரு வருடம். உறுதி எவ்வளவு காலம் ஆனாலும் முழுதாகத் திரும்பாது, பழைய தோலின் 80 சதவீதம்தான் உச்சம்.

கரிகிரி ரோடு ஆர்த்தோட்டிஸ்ட்:
மணி கேட்டதற்குக் காலில் பதில். ஆறிய சர்க்கரைப் புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. மாவுக்கட்டைப் பிரித்த அன்றே பழைய ரப்பர் செருப்புக்குப் போவதுதான் முக்கியக் காரணம். மாவுக்கட்டு பிரிக்கும் தேதிக்கு முன்பே மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த செருப்பு தயாராக இருக்க வேண்டும். அளவு எடுப்பது மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், எழுந்து நிற்கவைத்து. உள்ரப்பர் கட்டைவிரலால் அழுத்தினால் பாதியாக அமுங்கி விட்டதும் எழ வேண்டும். அதன்கீழ் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான சோல். பின்பட்டை கட்டாயம். விரலிடுக்கில் வார் வரும் செருப்பு வேண்டாம். அழுந்திய ரப்பர் எழாமல் தங்கிவிட்டால், செருப்பு பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றும் காலம்.

புதுச் செருப்பில் முதல் நாள் அரை மணி. கழற்றிப் பார்த்துச் சிவப்பு இருபது நிமிடத்தில் மறைந்தால் மறுநாள் ஒரு மணி. மறையாவிட்டால் செருப்போடு திரும்பி வாருங்கள்.

கிரிவலம் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பீர்கள். திருவண்ணாமலையில் 14 கி.மீ. வெறுங்காலில், தார் ரோட்டில், செயற்கைத் தோல் வைத்து ஆறிய உணர்வில்லாத காலோடு போகக் கூடாது. வேண்டுதல் இருந்தால் வண்டியில் சுற்றுங்கள். கோவிலுக்குள் கல்தரையில் நடப்பதானாலும் விடியற்காலை, தடித்த பருத்திக் காலுறை போட்டு. பங்குனி வெயிலில் மதியம் சுடும் கருங்கல் கொப்புளம் போடுவது உணர்வில்லாத காலுக்குத் தெரியாது.

தினமும் இரவு இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கணும். தோல் வெப்பம் அளக்கும் கருவி இருந்தால் கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, நடுப்பாதம், குதிகால் என்று எழுதி வையுங்கள். ஒரு காலைவிட மற்றொன்று அதே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், புண் இன்னும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அன்றிலிருந்து நடையைக் குறைத்து வந்து காட்டுங்கள். வரும்போது போட்டு நடக்கும் செருப்பையே போட்டு வரணும், விசேஷத்துக்கு எடுத்து வைத்ததை வேண்டாம்.

தொரப்பாடி மணி:
சரிங்க சார். சிஸ்டர் முதல்ல சொன்ன அந்த நாலு விஷயத்தையும், பேனா கோடு போடறதையும் ரூம்ல சுவத்துல எழுதி ஒட்டிடறேன். மேல் பேட் மட்டும் நான், உள்வலை அவங்க.